நான் இறந்ததும் செய்ய வேண்டியவை

மாரடைப்பு வந்தபோது நான் ஒரு பிரேக் பாகத்தின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தேன். அளவு சரியாக இருந்தது. அதைத் தாளில் குறித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். காலை பதினொன்று நாற்பது. மறைமலைநகர்த் தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் எனக்கு அது இருபத்தாறாவது வருடம், வயது ஐம்பத்து மூன்று. முதலுதவி அறையின் நர்ஸ் ஓடி வந்து நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார். மருத்துவமனையில் ஓர் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்தாம் நாள் செங்கல்பட்டில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உடம்பு சீக்கிரமே தேறியது. பயம்தான் தேறவில்லை.

இருபத்து நான்கு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். அன்றைய பக்கத்தை முடித்ததும் மறுநாள் பக்கத்தின் தலையில் தேதியும் கிழமையும் போட்டு வைப்பது பழக்கம். மருத்துவமனையிலிருந்து வந்த அன்று மாலை அதைப் போட என் கை ஒப்பவில்லை. மறுநாளும் ஒப்பவில்லை. நாளை என்று ஒன்று எனக்கு இருப்பதாக எழுதினால் யாரோ கேட்டுக்கொண்டிருந்து தட்டிப் பறித்துவிடுவார்கள் என்பதுபோல் இருந்தது. எதையும் அளந்து பார்க்காமல் நம்பாத ஆள் நான். என் நிலைமை அப்படி ஆகிவிட்டது.

வேலைக்குத் திரும்பியபின் பயம் கம்பெனி பேருந்தில் வந்தது. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும், ஏறக்குறைய ஏழு மணி இருபது நிமிடத்துக்கு, வயிற்றுக்குள் ஏதோ நழுவும். பிறகு தொண்டை இறுகும். பக்கத்தில் இருப்பவர் கைபேசியில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். இவர்கள் எல்லோரும் இருப்பார்கள், நான் இருக்க மாட்டேன், பேருந்து இதே நேரத்துக்கு இதே இடத்தைத் தாண்டும் என்று தோன்றும். அதைவிட அந்த நினைப்பில் இருந்த பொறாமைதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டில் இதைப் பேச வழியில்லை. சாவு என்ற சொல்லே எங்கள் வீட்டில் தடை செய்யப்பட்டிருந்தது. தொலைக்காட்சியில் யாராவது இறந்தால் என் மனைவி சேனலை மாற்றிவிடுவாள். தெருவில் சாவு மேளம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவாள். வேலைக்குக் கிளம்பும்போது “போறேன்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் திரும்ப உள்ளே வரவைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, “வரேன்” என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவாள். அவள் தம்பி, என் மச்சான், படூரில் ஒரு கல்லூரிக்கு வேன் ஓட்டுகிறான். மருத்துவமனைக் காகிதங்கள் எல்லாம் அவனிடம் இருந்தன. கேட்டபோது இன்சூரன்சுக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். மாத்திரைச் சீட்டு மட்டும் என்னிடம் இருந்தது. ஆணியின் நீளத்தைக்கூட இரண்டு முறை சரிபார்க்கிற நான் அந்த ஒன்றைச் சரிபார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்று இப்போது எழுதுவதுதான் நேர்மை.

முதலுதவி அறைக்குத் தினமும் மூன்று முறை போய் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டேன். என்னைவிட எட்டு வயது சிறியவர் அந்த நர்ஸ். திருக்கழுக்குன்றம் பக்கம் ஊர். அவருடைய தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு மாறிய குடும்பம். பத்து நாள் பொறுத்துக்கொண்டவர் பதினோராம் நாள் பட்டையைக் கையில் சுற்ற மறுத்துவிட்டார்.

“போதும் சார். நீங்க வந்து வந்து மிஷினுக்கே பிரஷர் ஏறிடிச்சி.”

நான் எழுந்திருக்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“செத்துடுவோம்னு பயமா கீதா சார்?”

வீட்டில் இரண்டு மாதமாக யாரும் உச்சரிக்காத சொல். அதை அவர், பசிக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டார். ஆமாம் என்றேன். சாகத்தான் போகிறீர்கள், நானும்தான், அந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரும்தான் என்றார். அதன்பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு வேலை இருக்கிறதா என்று கேட்டார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, மீனவர் குப்பம் ஒன்று முடிகிற இடத்தில், சிமெண்டு ஷீட் போட்ட ஒரு சின்னத் தியானக் கூடம், அவர் வாராவாரம் போகும் இடம். முன்னால் புன்னை மரம், உள்ளே முழங்கால் உயரத்தில் ஒரு புத்தர் சிலை. ஞாயிறு காலை ஆறரைக்குப் பதினைந்து இருபது பேர் வருவார்கள். பள்ளி ஆசிரியர், மின்வாரிய ஊழியர், ஒரு பூக்கடைக்காரர் என்று எல்லாவிதமான ஆட்களும். வீட்டில் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு பைக்கில் போவேன். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்கு நடைப்பயிற்சி போகிறவன் உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

ஆறுதலை எதிர்பார்த்துத்தான் போனேன். முதல் நாளே ஐந்து வாக்கியங்களைச் சத்தமாகச் சொல்லவைத்தார்கள். எனக்கு முதுமை உண்டு, தப்ப முடியாது. நோய் உண்டு, தப்ப முடியாது. சாவு உண்டு, தப்ப முடியாது. எனக்குப் பிரியமான எல்லோரையும் எல்லாவற்றையும் பிரிவேன். நான் செய்தவை மட்டுமே என்னுடையவை. பூக்கடைக்காரர் விலை கூவுகிற குரலிலேயே இவற்றைக் கூவினார். மூன்றாவது வாக்கியத்தில் என் குரல் நின்றுவிட்டது. பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுவாரம் சொன்னேன். அதற்கடுத்த வாரம் எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னேன்.

இதைத் தோல்வி மனப்பான்மை என்று நினைக்கிறவர்கள் உண்டு. என் உறவுக்காரர்கள் சிலர், ஆயுள் ஹோமம் செய்யச் சொன்னார்கள். ஒருவர் ஜெபக்கூட்டத்துக்கு அழைத்தார். அவர்கள் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இன்னும் கொஞ்ச நாள் கொடு என்று யாரிடமும் கைநீட்ட எனக்கு மனமில்லை. மிரட்டுகிறவனிடம் கெஞ்சினால் மிரட்டல் கூடும். அவன் முகத்தைப் பார்த்து, நீ வருவாய் என்று எனக்குத் தெரியும், தேதி மட்டும்தான் தெரியாது என்று சொல்லிவிட்டால் அவனிடம் மிரட்ட வேறென்ன இருக்கிறது? அந்தக் கூடத்தில் நான் பணிந்து போகப் பழகவில்லை, எதிரில் நிற்கப் பழகினேன்.

எனக்கு மிகவும் பிடித்தது உடம்பைப் பற்றிய வாதம். உடம்பு உன்னுடையது என்றால் அது உன் பேச்சைக் கேட்கவேண்டும், நரைக்காதே, வலிக்காதே என்று நீ சொன்னால் அப்படியே இருக்கவேண்டும், அப்படி இருக்கிறதா? இதை நர்ஸ் சொன்னபோது நான் கிட்டத்தட்டக் கைதட்டினேன். இருபத்தாறு வருடம் செய்த வேலை இதுதான். வரைபடத்தில் உள்ளபடி இல்லாத பொருளை, என் பொருள் என்று கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்ள மாட்டேன். என் இதயத்தின் ரத்தக் குழாய் என்னைக் கேட்டு அடைத்துக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டுத் திறக்கவும் போவதில்லை. சொந்தமில்லாத ஒன்று கைவிட்டுப் போவதற்கு இவ்வளவு நடுக்கம் எதற்கு? இதைப் பேருந்தில், ஏழு இருபதுக்கு, எனக்குள் திரும்பத் திரும்பக் கேட்டேன். நடுக்கம் உடனே நிற்கவில்லை. ஆனால் அது பதில் தெரியாமல் விழித்தது.

பயத்தை விரட்டாதே, எங்கே இருக்கிறது என்று பார் என்பது அடுத்த பாடம். வயிற்றிலா, தொண்டையிலா, எப்போது எழுகிறது, எப்போது இறங்குகிறது? இது எனக்கு வாகான வேலை. கைக்கடிகாரத்தை வைத்துக் குறித்தேன். நெடுநேரம் நிற்பதாக நினைத்த பயம் ஒருமுறைகூட நாலரை நிமிடத்தைத் தாண்டவில்லை. பெருமையோடு நர்ஸிடம் காட்டினேன்.

அவர் தாளைப் பார்த்துவிட்டு, “அழகா கீது சார். ஆனா பயத்தைப் பாக்கச் சொன்னா நீங்க வாட்சைப் பாத்துகினு இருந்திருக்கீங்க” என்றார்.

அது சுருக்கென்றது. மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. அவர் சொன்னது சரி என்பது நாலாம் நாள் பேருந்தில் தெரிந்தது. அன்று வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பயம் வந்தது. இதுவரை வந்ததிலேயே பெரியது. நான் அங்கேயே இருந்தேன். தொழிற்சாலை வாசலில் ஆட்கள் இறங்கியபோது அது போயிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அன்று மாலை மறுநாளின் தேதியை எழுதினேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் ஒன்று புரிந்தால் அதைப் பட்டியலாக்காமல் எனக்கு இருக்க முடியாது. சாவு நிச்சயம், நேரம் தெரியாது என்றால் ஏற்பாடு தயாராக இருக்கவேண்டும் அல்லவா? ஒரு புதன்கிழமை மாலை நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் எழுதினேன். தலைப்பு: நான் இறந்ததும் செய்ய வேண்டியவை. பதினான்கு இனங்கள். ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்லவேண்டும். உடம்பு மருத்துவக் கல்லூரிக்கு. மேளமும் வெடியும் வேண்டாம். சாலையில் பூ வீச வேண்டாம், பின்னால் வருகிற பைக் வழுக்கும். கம்பெனி லாக்கரின் சாவி எண் இது, உள்ளே இருக்கும் வெர்னியர் அளவுகோல் கம்பெனியுடையது, திருப்பிக் கொடுக்கவேண்டும். பதினான்காவது: என் மனைவியின் பொட்டையும் பூவையும் வளையலையும் தாலியையும் தொட யாருக்கும் உரிமை கிடையாது. இதை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன். முடித்தபோது அலமாரியை ஒழுங்கு செய்தது போன்ற நிம்மதி.

வெள்ளிக்கிழமை என் ஆதார் நகல் ஒன்று தேவைப்பட்டது. மேசை டிராயரில் இருக்கிறது, எடுத்து வா என்று மச்சானை அனுப்பியது நானேதான். நாட்குறிப்பும் அதே டிராயரில் இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை டப்பாவைத் திறந்தேன். கிழமைக்கு இரண்டாகப் பதினாலு அறை கொண்ட டப்பா அது. ஞாயிறன்று நான்தான் நிரப்பியிருந்தேன். மிச்சம் இருந்த வேளைகளின் அறைகள் எல்லாம் காலி. அட்டைகளையும் காணவில்லை. மனைவியைக் கேட்டேன். தெரியாது என்றாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. எடுத்து எங்கோ வைத்துவிட்டு மறந்தேனா, அல்லது முட்டாள்தனமாக எல்லாவற்றையும் விழுங்கிவிட்டேனா? என் கணக்கை நானே நம்ப முடியாமல் போனது அன்றுதான். சனிக்கிழமை பகலில் கடையில் புதிதாக வாங்கும்வரை இரண்டு வேளை தவறிப்போனது.

ஞாயிறு காலை வழக்கம்போல் கூடத்துக்குப் போனேன். அமர்வு முடிந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கால் கழுவ அலைப்பக்கம் இறங்கினேன். கணுக்கால் நனைவதற்குள் பின்னாலிருந்து யாரோ இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தார்கள். இருவரும் ஈரமணலில் உருண்டோம். மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண், “இன்னா அண்ணாத்த, காலங்காத்தாலயே கபடியா?” என்று கேட்டாள். என்மேல் கிடந்தவன் என் மச்சான். செங்கல்பட்டிலிருந்தே பின்தொடர்ந்து வந்திருக்கிறான்.

“வுடு மச்சான். காலு கழுவ வந்தேன்.”

“பொய் சொல்லாத மாமா. எல்லாம் எழுதி வெச்சிகீற. கண்ணு எங்க, ஒடம்பு எங்கன்னு எழுதி வெச்சிட்டு, வாக்கிங்னு சொல்லிட்டு கடலுக்கு வந்துகினு கீற.”

“சாவப் போறவன் லாக்கர் சாவி நம்பர் எழுதி வெப்பானாடா?”

“நீ வெப்ப மாமா.”

நர்ஸ் ஓடி வந்து முதலில் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் என்ன விஷயம் என்று கேட்டார். அப்போது மாத்திரை விஷயமும் வெளியே வந்தது. மொத்தமாக விழுங்கிவிடுவேன் என்று பயந்து, அக்காவிடம்கூடச் சொல்லாமல், எல்லாவற்றையும் எடுத்துத் தன் வேனில் பூட்டி வைத்திருக்கிறான்.

“ஸ்டென்ட் வெச்சவருக்கு ரெண்டு வேளை மாத்திரைய நிறுத்திட்டியா?” என்றார் நர்ஸ். “அவரு சாவக் கூடாதுன்னு நீயே அனுப்பப் பாத்தியேப்பா.”

அவன் மணலிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினான். நாற்பத்தைந்து வயது ஆள். டாக்டர் சொன்ன நாளிலிருந்து தனக்குத் தூக்கமே இல்லை என்றான். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். அவன் நர்ஸைப் பார்த்தான். “என்னப் பாத்து சொல்லு” என்றேன்.

ஸ்டென்ட் வைத்த அன்றே அவனை வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் மூன்று குழாய்களில் அடைப்பு. நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்யவேண்டும், தள்ளிப்போடக் கூடாது. அக்காவும் தம்பியும் பேசி, என்னிடம் சொல்லவேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கேட்ட அதிர்ச்சியிலேயே போய்விடுவேனாம். கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். காகிதம் எந்த இன்சூரன்சுக்கும் போகவில்லை.

முதலில் வந்தது கோபம். என் மார்புக்குள் இருப்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரியாத சாவோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். தெரிந்த சாவு என் மச்சானின் வேனில் பூட்டியிருந்தது. கோபத்துக்குப் பின்னால் பயம் வந்தது. எழுந்து நடக்கவில்லை. யாரையும் திட்டவில்லை. நனைந்த வேட்டியோடு அங்கேயே உட்கார்ந்து அதைப் பார்த்தேன். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. நர்ஸ் ஒரு பக்கமும் மச்சான் மறுபக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். மீன்காரப் பெண் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் முழுதாகப் போனது என்று எழுத மாட்டேன். அது என் பக்கத்தில் உட்காரும் அளவுக்கு இறங்கியது. இத்தனை மாதங்களில் இவர்கள் எனக்குச் செய்த ஒரே கெடுதல் என்னைக் காப்பாற்ற நினைத்தது என்றும் அப்போது தோன்றியது.

வீட்டுக்கு வந்து மனைவியின் முன்னால் பட்டியலை விரித்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் படித்தே தீருவேன் என்றேன். உன் தம்பி படித்துவிட்டான், இனி ஒளிக்க என்ன இருக்கிறது? முதல் இரண்டு இனங்களைப் படித்து முடித்தேன். மேளத்துக்கு வந்ததும் திரும்பினாள்.

“மோளம் இல்லாம எப்படி? அதெல்லாம் வெப்பேன்.”

“வேண்டாம்னு எழுதியிருக்கேன்.”

“நீங்கதான் இருக்க மாட்டீங்களே. உங்களுக்கு இன்னா? நான்தான் இருப்பேன். நான் அழுவேன், மோளம் வெப்பேன்.”

யோசித்துப் பார்த்தேன். ஞாயிறுதோறும் நான் கூவிய பாடத்தை அவள் என்னைவிட நன்றாகப் படித்திருந்தாள். பேனாவை எடுத்து அந்த இனத்தை அடித்தேன். வெடி வேண்டாம் என்பதற்கு ஒப்புக்கொண்டாள். பூவைத் தெருமுனை வரை வீசலாம் என்று பேரம் பேசினாள், விட்டுக்கொடுத்தேன். பதினான்காவதைப் படித்தபோது அவள் நாட்குறிப்பைத் தன் பக்கம் இழுத்துச் சிவப்பு எழுத்தைத் தானே ஒருமுறை படித்தாள். அவள் அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயதில் வளையல் உடைத்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

“இத இன்னொரு தாளுல எழுதி கையெழுத்து போட்டுக் குடுங்க” என்றாள். “எவ வரான்னு பாக்கறேன்.”

எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுதுமுடித்து, மறுநாள் டாக்டரைப் பார்க்கப் போகலாம் என்று அவளே சொன்னாள்.

அறுவை சிகிச்சை நிபுணர் கோப்பைப் புரட்டினார். பழக்கத்தில் மச்சானைப் பார்த்து, கொஞ்சம் வெளியே வருகிறீர்களா என்றார். என் மனைவி, “அவரு எதிர்லயே சொல்லுங்க டாக்டர், இல்லாட்டி எழுதி வெச்சிடுவாரு” என்றாள். டாக்டருக்குப் புரியவில்லை, ஆனால் சொன்னார். எங்கே வெட்டுவார்கள், காலிலிருந்து எந்தக் குழாயை எடுப்பார்கள், என்னென்ன தவறாகப் போகலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். பிழைக்காமல் போக எவ்வளவு வாய்ப்பு என்றும் கேட்டேன். ஓர் எண் சொன்னார். இன்னொரு முறை சொல்லச் சொல்லி எழுதினேன். வயிறு நழுவத்தான் செய்தது. நழுவட்டும் என்று அடுத்த கேள்விக்குப் போனேன்.

கடைசியாக நாள். ஆபரேஷன் தியேட்டர் மூன்று வாரத்துக்கு நிரம்பியிருக்கிறது, அடுத்த செவ்வாய் மட்டும் காலி என்றார். செவ்வாய் மட்டும் ஏன் காலி என்று மச்சான் கேட்டான். டாக்டர் சுவர்க் காலண்டரைக் காட்டினார். அன்று அஷ்டமி. செவ்வாய்க்கிழமையும் அஷ்டமியும் சேர்ந்து வந்தால் யாரும் நெஞ்சைக் கொடுக்க வருவதில்லை, முன்பதிவு செய்தவர்கள்கூட மாற்றிக்கொண்டார்கள் என்றார். எங்களுக்கும் மூன்று வாரம் கழித்து ஒரு நல்ல நாள் பார்த்துத் தருவதாகச் சொன்னார்.

எனக்கு அந்தச் செவ்வாய்தான் வேண்டும். தள்ளிப்போட்டது போதும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. நல்ல நேரம் பார்க்காமல் பால் காய்ச்சாதவள் என் மனைவி. எந்த நாள் என்று அவளே சொல்லட்டும் என்று இருந்தேன். அவள் காலண்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், தலை முதல் கால் வரை, ஒரு பொருளைச் சோதிப்பது போல.

“அஷ்டமிக்கே போடுங்க டாக்டர்” என்றாள். “காலியா கீதுல்ல.”

மச்சான் எழுந்து நின்றுவிட்டான். “அக்கா, யோசிச்சிதான் பேசறியா? செவ்வாயும் அஷ்டமியும்.”

“நீ மாத்திரைய எடுத்து ஒளிச்சி வெச்ச வெள்ளிக்கிழம நல்ல நாள்தான்டா” என்றாள் அவள். அவன் உட்கார்ந்தான்.

ஒப்புதல் தாளில் நோயாளி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன், சாட்சி என்ற இடத்தில் அவள். செவ்வாய் காலை ஆறு மணிக்கு, ஒன்றும் சாப்பிடாமல், மார்பு மயிரை மழித்துக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்று சனிக்கிழமை. செவ்வாயன்று வேன் ஐந்தேகாலுக்கு வந்துவிடும் என்று மச்சான் இப்போதுதான் போன் செய்தான். ஐந்துக்கு வா என்றேன்.